கரடியைக் காப்பாற்றிய முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சிங்க ராஜாவைக் கடலுக்கு அப்பால் துரத்திவிட்டு, இனித் தலைவரை ஓட்டுப் போட்டுத்தான் எடுப்பது என்று விலங்குகள் முடிவு செய்திருந்தன. அங்கே தேன்பாறைக்கு அடியில் வளை தோண்டி, ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி தன் இனத்தோடு வாழ்ந்துவந்தது. அந்த இனம் தேனைத் தொடுவதில்லை. கிழங்கு போதும்.

ஓநாய்களோடு நடந்த சண்டையில் கருமலையான் என்ற கரடி ஒரு குழிக்குள் விழுந்துவிட்டது. ஊசிமுத்துதான் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குழியோரம் நின்று ஓநாய்களை விரட்டியது; மரத்தில் கொடியைக் கட்டி உள்ளே இறக்கிக் கரடியை மேலே வரவைத்தது.

"உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன் தம்பி" என்று கரடி அழுதது. உண்மையான அழுகைதான். அப்போது அது பதவியில் இல்லை.

பிறகு கரடி தேர்தலில் நின்றது. "நானும் உங்களை மாதிரி மண்ணுல புரண்டவன்" என்று சொல்லியே ஜெயித்தது. பதவியேற்ற அன்று மாளிகைக் கதவை எல்லாருக்கும் திறந்துவிட்டது. வந்த கூட்டம் சேற்றுக் காலோடு நாற்காலிமேல் ஏறி செல்ஃபி எடுத்து, பாயசப் பானையையும் கவிழ்த்துவிட்டுப் போனது. மறுநாள் தபால் புறாக்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனக்குக் கோஷம் போட்ட ஆமைகளைத் தபால்காரர்கள் ஆக்கியது கரடி. காடே கைதட்டியது. இந்தக் கூட்டத்துக்கு வேறு எப்படிப்பட்ட தலைவர் வாய்ப்பார்?

கரடியின் ஆட்களுக்குத் தேன் வேண்டியிருந்தது. முள்ளம்பன்றிகள் எல்லாம் மேற்கே பொட்டல்வெளிக்குப் போய்விட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊசிமுத்து வழக்குப் போட்டது. நீதிபதி யானை, பாறை முள்ளம்பன்றிகளுக்கே சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னது.

"அருமையான தீர்ப்பு. யானையாரே வந்து நிறைவேத்தட்டும்" என்று சொல்லிவிட்டுக் கரடி காது குடைந்தது.

"அவரு நம்மாளு கூராயி. நேர்ல பார்த்துப் பேசினா சரியாயிடும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஊசிமுத்து கிளம்பியது. மாளிகையில் டோக்கன் வாங்கி, பொழுது சாயும்வரை வரிசையில் நின்று உள்ளே போனது. கரடி ஓடிவந்து கட்டிப்பிடித்தது. முள் குத்தியதையும் பொறுத்துக்கொண்டது, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பாறை, தலைவரே..."

"உங்க நல்லதுக்குத்தான் அனுப்புறேன் தம்பி. இங்கே இருந்தா நம்ம பசங்க உங்களைச் சும்மா விட மாட்டாங்க."

"நீங்க சொன்னா கேட்பாங்களே."

கரடி வாசலைப் பார்த்து, "அடுத்த ஆளை உள்ளே விடுங்க" என்றது.

காலி செய்யச் சொன்ன உத்தரவு ஆமைத் தபாலில் வந்து சேருவதற்குள் கரடியின் ஆட்கள் வந்துவிட்டார்கள். சேர்த்துவைத்த கிழங்கைக்கூட எடுக்க விடவில்லை. போகும் வழியில் பாதிக் குட்டிகள் குளிரில் செத்தன. ஒரு நாள் காலையில் கூராயியும் எழுந்திருக்கவில்லை. காட்டில் இதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முள்ளம்பன்றியைக் கட்டிப்பிடித்த கருணைத் தலைவரின் படம்தான் எல்லார் கையிலும் இருந்தது.

பொட்டல்வெளிக்குப் பக்கத்தில் ஒரு குழியிலிருந்து முனகல் கேட்டது. ஊசிமுத்து எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு நரி.

"அண்ணே, காப்பாத்துங்கண்ணே. உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஊசிமுத்து பக்கத்தில் கிடந்த கொடியை எடுத்தது. இறக்கப் போகும்போது நிறுத்தி, "தேர்தல்ல நிக்கிற எண்ணம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டது.

நரி கொஞ்சம் யோசித்தது. "மக்கள் விரும்பினா..." என்று இழுத்தது.

ஊசிமுத்து கொடியைக் கீழே போட்டுவிட்டு நடந்தது.

நீதி: ஆபத்தில் உதவியவரை ஒருநாளும் மறக்கக் கூடாது. அவர் குடியிருக்கும் இடம் பின்னால் உங்களுக்குத் தேவைப்படும்.