ஓடுகிற ஃபேனுக்கு வைத்தியம்

கொண்டுவந்த டேபிள் ஃபேன் நன்றாக ஓடித் தொலைத்தது. செக்கருக்கு வந்த முதல் சிக்கல் அதுதான்.

சர்வீஸ் சென்டர் வாசலில் காவலாளி அதை வாங்கி, சுவரில் இருந்த பிளக்கில் செருகினான். ஃபேன் சும்மா பறந்தது.

"நல்லாத்தானே ஓடுது சார்?"

"இப்ப ஓடும். அப்புறம் ஓடாது."

"எப்புறம்?"

"உனக்கெதுக்குய்யா அது? உள்ள விடு."

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஓரத்து நாற்காலியைக் காட்டினான்.

செக்கர் என்பது பட்டப்பெயர். பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் பெயர் போகவில்லை. எவனைப் பார்த்தாலும் இவன் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான் என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் புத்தி செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளும் வந்துவிடும்.

இப்போது சந்தேகம் பெற்ற மகள் மேல். அவள் இதே சர்வீஸ் சென்டரில்தான் பயிற்சியில் இருக்கிறாள். படிப்பும் வேலையும் சேர்ந்த திட்டம். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு நாள் இங்கே வேலை, மிச்சமெல்லாம் வகுப்பு. அப்புறம் பாதிக்குப் பாதி ஆயிற்று. இப்போது வகுப்பு ஒரே ஒரு நாள். கடைசித் தேர்வில் தேறிவிட்டால் அதுவும் கிடையாது, முழுநேர வேலை என்றாள். செக்கர் நம்புகிற ஆளா?

"எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது போகப் போகக் கம்மியாச் சொல்லிக் கொடுப்பாங்களா?" என்று காலையில் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைய மெல்ல மெல்ல வெளிய தள்றானுங்க. அது நம்மகிட்ட மறைக்குது."

"அந்தப் படிப்பே அப்படித்தாங்க. படிப்பு குறையும், வேலை கூடும்."

"கூடுச்சுன்னு நீ போய்ப் பாத்தியா?"

"நீங்கதான் போய்ப் பாருங்களேன். என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

சும்மா போய் நிற்க முடியுமா? மனைவி குளிக்கப் போன நேரத்தில் ஃபேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நல்ல ஃபேனோடு உள்ளே போனால் மானம் போகும். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுச் சாவியை வைத்து ஃபேனின் அடித்தட்டைத் திறந்தார். உள்ளே ஒரு ஒயரை லேசாக இழுத்தார். லேசாகத்தான். அது கையோடு வந்துவிட்டது. கூடவே சுவிட்சுக் குமிழும் கழன்று உருண்டு, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் காலடியில் போய் நின்றது. அந்த அம்மாள் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். பார்த்த பார்வை மட்டும் சரியில்லை.

"அடுத்தவங்க வாங்க."

கவுன்டரில் நீலச் சட்டையோடு நின்றது அவர் மகளேதான். ஓரமாக நின்று வேவு பார்த்துவிட்டுப் போகத்தான் நினைத்திருந்தார். நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்.

"வாங்க சார். என்ன பிரச்சினை?"

செக்கருக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. குனிந்து, "என்னது, சாரா?" என்றார்.

அவள் ஃபேனை வாங்குகிற சாக்கில் முன்னால் சாய்ந்தாள். "அப்பா, இன்னைக்குத்தான் கடைசித் தேர்வு. கண்ணாடிக்குப் பின்னாடி சூப்பர்வைசர் பாத்துக்கிட்டே இருக்காங்க. தயவு செஞ்சு போயிடுங்க."

ஒருவன் போ என்று சொல்கிற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது என்பது செக்கர் வேலையில் கண்ட உண்மை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபேன் ஓடல" என்றார் உரக்க.

அவள் அடித்தட்டைத் திறந்து பார்த்தாள். "இது தானா அறுந்த மாதிரி தெரியல சார். யாரோ புடிச்சு இழுத்திருக்காங்க."

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?"

பழக்க தோஷம். பேருந்தில் கத்திய தொண்டை அது. எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி எதையோ எழுதினாள்.

செக்கர் அதைப் பார்த்துவிட்டார். தேர்வு நிஜம்தான் போலிருக்கிறது. பிள்ளையின் பிழைப்பில் நாமே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே. உடனே சரிக்கட்டப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தப் பொண்ணு மாதிரி வேலை தெரிஞ்ச புள்ளைய நான் பாத்ததே இல்ல. என்ன அறிவு, என்ன அடக்கம்."

சூப்பர்வைசர் எழுந்து வெளியே வந்தாள். "இவங்களை முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியவே தெரியாது."

"வந்து கொஞ்ச நேரந்தானே ஆகுது. அதுக்குள்ள எப்படி..."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. வளர்ப்பு அப்படி."

அவள் மறுபடியும் எழுதினாள். மகள் கண்ணை மூடித் திறந்தாள். செக்கர் எழுந்தார். இனி இருந்தால் ஆபத்து.

"ஒண்ணும் வேணாம், நான் கிளம்பறேன்."

"ஃபேனை எடுத்துக்குங்க சார்" என்றாள் சூப்பர்வைசர்.

"அது என்னுது இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காவலாளி மெதுவாக வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றான்.

"அப்ப யாருது?"

"என் பொண்டாட்டியோடது."

"நீங்க கொண்டாந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"அவ குளிச்சுக்கிட்டிருந்தா" என்றார் செக்கர்.

ஊர்ப்பட்ட பேரை டிக்கெட் இல்லை என்று இறக்கிவிட்டவர், இப்போது தன் சட்டைப் பைகளைத் தானே தடவிக்கொண்டு நின்றார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மகள் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு, ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

"நீங்களேதான் திறந்தீங்களா சார்?"

"ம்."

"பிளக்கைப் புடுங்கிட்டுத்தானே?"

"ஆமா."

"அது போதும் சார். ஒயர் போனா வேற போட்டுக்கலாம்."

செக்கர் தண்ணீரைக் குடித்தார். அவள் குனிந்தபடியே பேசினாள்.

"எங்கப்பாவும் உங்களை மாதிரித்தான். எதையும் திறந்து உள்ள பாத்தாத்தான் நம்புவாரு. நான் ஸ்கூலுக்குப் போற பஸ்ல தினம் டிக்கெட் செக்கிங் வரும். வேற எந்த பஸ்லயும் அப்படி வராது. மத்த புள்ளைங்கல்லாம் பயந்து நடுங்கும். எனக்கு மட்டும் தைரியமா இருக்கும்."

செக்கர் தம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு உன்னைச் சந்தேகப்பட்டு வரலம்மா" என்றார். "உன்னைச் சுத்தி இருக்கிறவங்களைத்தான்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். ஆனா இனிமே நான் தினம் வேலைக்கு வரணும். அவரு என்ன பண்ணுவாரோன்னுதான் கவலையா இருக்கு."

"வீட்ல இருப்பான். நான் சொல்றேன் அவன்கிட்ட."

"கேப்பாரா சார்?"

"கேக்க மாட்டான்" என்றார் செக்கர். "ஆனா சொல்றேன்."

அவள் குமிழைப் பொருத்தித் திருகினாள். ஃபேன் சுற்றியது. வந்ததைவிடச் சத்தம் குறைவாகவே சுற்றியது. இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் காற்றிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. செக்கர் ஃபேனை அங்கேயே வைத்துவிட்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார். வாழ்நாளில் யாரிடமும் தழைந்து பேசியறியாதவர்.

"அம்மா, தப்பு பூரா என்னுது. நான் அவ அப்பன். ஓடிக்கிட்டிருந்த ஃபேனைக் கெடுத்தது நான்தான். என்னை என்ன வேணாச் சொல்லுங்க. அவளைத் தேர்வுல தள்ளிடாதீங்க."

சூப்பர்வைசர் பேனாவை மூடினாள். "எதுக்கு சார் தள்ளணும்? உங்க பொண்ணு பாஸ். திங்கக்கிழமையிலிருந்து இங்க முழுநேர வேலை."

மகள் கவுன்டருக்குப் பின்னால் நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

செக்கருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஃபேனை அணைத்துக்கொண்டு வெளியே வந்தவர், வாசலில் நின்றுவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒருவர் பாஸ் போட்டால் அதில் ஏதோ இருக்க வேண்டும்.

"ஏய்யா, நான் பண்ணின கூத்துக்கு அவளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். எப்படிய்யா பாஸ் போட்டாங்க?" என்று காவலாளியைக் கேட்டார்.

காவலாளி அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே சொன்னான்: "கடைசித் தேர்வுக்கு, தனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய தொல்லை புடிச்ச கஸ்டமர் ஒருத்தரை அவங்கவங்களே வரவழைச்சுச் சமாளிக்கணும், அதான் சார் இங்க முறை, மத்த புள்ளைங்கல்லாம் ஆள் கிடைக்காம அலையும், உங்க பொண்ணு மட்டுந்தான் 'எங்கப்பாவைக் கூப்பிடவே வேணாம், தானா வருவாரு, போயிடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உக்காந்துக்குவாரு'ன்னு சொல்லிச்சு."