லெயோன்சியாவா, கொன்சுவேலோவா?

முதலில் ஒரு விடுகதை. கொடுக்கிறவர் நம்மைக் கேட்காமலே கொடுத்துவிடுவார். வாங்கும்போது நாம் பெரும்பாலும் அழுதுகொண்டிருப்போம். அதன்பிறகு நம்மைவிட ஊர்க்காரர்கள்தான் அதை அதிகம் எடுத்துப் புழங்குவார்கள், தேயவும் தேயாது. அது என்ன?

பெயர்தான். அதைத் தன் மகளுக்குக் கொடுக்கப் போய், கொல்லன் லெயோன்சியோ ஒரு குளிர்காலம் முழுக்க ஈரத்துணியும் கையுமாக நின்றான்.

பிரனீஸ் மலையில், அரகோன் பக்கத்து ஊர் அவனுடையது. லெயோன்சியோ என்றால் சிங்கம் போன்றவன். லத்தீன் காலத்துப் பெயர். தாத்தா, அப்பா, அவன் என்று அந்தப் பட்டறையில் வரிசையாகச் சிங்கங்கள்தான் சம்மட்டி பிடித்தன. குரலும் சிங்கக் குரல். வீட்டு வாசல் வரைக்கும்.

வாசலுக்கு உள்ளே நியேவெஸ் இருந்தாள். நியேவெஸ் என்றால் பனி. பிறந்ததோ ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, கல்லுக்கே வியர்க்கிற வெயிலில். அன்று பனிமய மாதா திருநாள். அதனால் அந்தப் பெயர். பனி என்று பெயர் வைத்தார்களே தவிர, அவள் எதற்கும் உருகியதாக லெயோன்சியோவுக்கு நினைவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் அந்த வீட்டில் தொட்டில் ஆடவில்லை. பிறகு ஒரு டிசம்பரில், பக்கத்து வீட்டு ஒரோசியா முழங்கால் பனியில் நடந்து வந்து பிரசவம் பார்க்க, ஒரு பெண் குழந்தை பிறந்தது. லெயோன்சியோ தோல் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஒரோசியாவையே ஞானத்தாய் ஆக்குவது என்று அப்போதே முடிவாயிற்று. பெயர்தான் முடிவாகவில்லை.

அவனுக்குத் தன் பெயரையே பெண்பெயராக்கி லெயோன்சியா என்று வைக்க வேண்டும். இவ்வளவு காலம் கழித்து வந்தவள். இவளுக்குப் பின் இன்னொன்று வரும் என்று யார் கண்டது? இவளுக்கு வைக்காவிட்டால் பட்டறையின் சிங்கம் அவனோடு சரி.

நியேவெஸுக்கு வேண்டியது கொன்சுவேலோ. ஆறுதல் என்று பொருள். அதுவும் மாதாவின் பெயர்.

"ஆறுதல்னு கூப்பிட்டா பொண்ணு ரொம்பச் சாதுவாப் போயிடுவா" என்றான் அவன்.

"எதிர்வீட்டு தொலோரெஸ் பேருக்கு அர்த்தம் வலிகள். அவ நாள் பூரா சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா? உங்க பேருக்கு அர்த்தம் சிங்கம். போன வாரம் வாத்து துரத்தி வீட்டுக்குள்ள ஓடி வந்தீங்க."

"அது பெரிய வாத்து."

நியேவெஸ் சிரிக்கவில்லை. "ஒன்பது வருஷமா ஊரே எனக்கு ஆறுதல் சொல்லிச்சு. ஒண்ணாவது உள்ள போச்சா? நிஜமா வந்த ஆறுதல் இவதான்."

அது அவனுக்கும் தெரியும். ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கணவாயில் பனி கரைந்து, ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைக்கப் பாதிரியார் மேலே வர எப்படியும் ஈஸ்டர் ஆகிவிடும். அதனால் நியேவெஸே ஒரு வழி சொன்னாள். ஞானஸ்நானத்தன்று காலை ஆளுக்கொரு பக்கம் நின்று ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது. குழந்தை எந்தப் பெயருக்குத் தலையைத் திருப்புகிறாளோ அதுதான் பெயர். அதுவரை இருவரும் அவரவர் பெயரைப் பழக்கலாம்.

"சண்டை வேண்டாம், வேலையைப் பிரிச்சுக்கலாம். பால் குடுக்கிறப்ப நான் என் பேரைச் சொல்றேன். துணி மாத்துறப்ப நீங்க உங்க பேரைச் சொல்லுங்க."

லெயோன்சியோ மனதுக்குள் கணக்குப் போட்டான். குழந்தை எப்போதாவதுதான் குடிக்கிறாள். எப்போது பார்த்தாலும் நனைக்கிறாள். தன் பெயர்தான் அதிகம் காதில் விழும். இவ்வளவு நல்ல பங்கை விட்டுக்கொடுத்தாளே என்று அவனுக்கு மனைவிமேல் இரக்கம்கூட வந்தது.

அன்றிலிருந்து சம்மட்டி பிடித்த கை குழந்தைக்குத் துணி கட்டியது. குளிர்ந்த ஈரத்துணியால் துடைத்து, கால்களைத் தூக்கி, "லெயோன்சியா, அப்பாவோட லெயோன்சியா" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒருமுறை சொன்னான். ஊர்ப் பெண்கள் துணி துவைக்கும் துறைக்கு வாளியோடு போன முதல் ஆண்பிள்ளை அவன்தான். பட்டறையை எப்போது இங்கே மாற்றினாய் என்று தொலோரெஸ் கேட்டு, சிரிப்பில் சோப்பைத் தண்ணீரில் விட்டாள். அவன் பொருட்படுத்தவில்லை. ஒரோசியாவிடம் மட்டும் தன் கணக்கை ரகசியமாகச் சொன்னான்.

ஒரோசியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு நல்ல பங்கைக் குடுத்தவளுக்கு நன்றி சொன்னியா?"

அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னான். நியேவெஸ் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமலே ஏற்றுக்கொண்டாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் நன்றாகத் தூங்கினாள். கன்னம்கூடச் சற்று பூரித்திருந்தது.

ஆனால் ஒன்று. ஒன்பது வருடமாக இரண்டு பேர் துணி மட்டும் தொங்கிய கொடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள் உறைந்து பலகை பலகையாக ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம், லெயோன்சியோ போட்டியை மறந்துவிடுவான். விரல் விறைத்துப்போக நின்று, எந்த மாதாவுக்கு என்று தெரியாமல் எல்லா மாதாவுக்கும் நன்றி சொல்வான். பிறகு உள்ளே போய் அடுத்த துணியை மாற்றுவான்.

பனி கரைந்தது. பாதிரியார் வந்து கோயிலில் காத்திருந்தார். வெள்ளை உடுப்பில் குழந்தை தொட்டிலில் கிடந்தாள். தலைமாட்டில் ஒரோசியா நடுவராக நின்றாள். லெயோன்சியோ ஒரு பக்கம், நியேவெஸ் மறுபக்கம்.

"நீங்களே முதல்ல கூப்பிடுங்க" என்றாள் நியேவெஸ். அதற்கும் அவன் நன்றி சொன்னான்.

"லெயோன்சியா" என்றான், தேன் குழைத்த குரலில்.

குழந்தை கூரையைப் பார்த்தபடியே முகத்தைச் சுளித்தாள். இரண்டு கால்களையும் ஒன்றாக மேலே தூக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"பார்த்தியா, பதில் சொல்லிட்டா" என்றான் லெயோன்சியோ.

"சொன்னா. எந்தப் பக்கத்தால சொன்னான்னு பாரு" என்றாள் ஒரோசியா.

அவன் பார்த்தான். குளிர்காலம் முழுவதும் அவன் கண்முன் மெல்ல ஓடியது: ஈரத்துணி, வாளி, தலையணை, கன்னம். மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அவள் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொன்சுவேலோ" என்றாள் நியேவெஸ், மெதுவாக.

குழந்தை காலை இறக்கி, அம்மா பக்கம் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தாள்.