ஏறுமுகத் தெரு

மலைச்சரிவில் ஒரு தலைநகரம் இருந்தது. உச்சியில் அரண்மனை, அதன் மதிலையொட்டி ஊற்று. அங்கிருந்து கீழே இறங்கியது சுண்ணாம்புக்காரத் தெரு. தெருவுக்கே ஒரு தண்ணீர் வண்டிதான். கன்னியப்பன் இழுக்கும் கைவண்டி. நிறைந்த பீப்பாயோடு இறங்கும், காலியாக ஏறும். யாரும் சட்டம் போட்டு வந்த வழக்கமல்ல. பாரம் இழுத்தவர்களின் முதுகெலும்பு கண்டுபிடித்த வழி அது.

இறங்கும் வண்டி ஓடிவிடாமலிருக்கப் பின்னால் கயிறு கட்டியிருக்கும். சக்கரச் சத்தம் கேட்டதும் வீட்டிலிருப்பவர்கள் வந்து பிடிப்பார்கள். மாவு ஒட்டிய கை வரும், பாதி மழித்த முகம் வரும். புது மருமகளை முதலில் அந்தக் கயிற்றில்தான் நிறுத்துவார்கள். கன்னியப்பனின் மனைவி தவமணி அப்படித்தான் தெருவுக்கு அறிமுகமானாள்.

"இந்தப் பிடி பிடிக்கிறாளே, கன்னியப்பன் கதி அவ்ளோதான்" என்று சிரித்தார்கள்.

பீப்பாய் தளும்பி நனைந்த கருங்கல்லின் வாசம், அந்த நாளில் கயிறு பிடித்தவர்களின் மூக்கில் இன்னும் இருக்கிறது.

ஒரு காலையில் அரசர் மாடத்தில் நின்று தெருவைப் பார்த்தார்.

"இவர்கள் ஏன் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு போகிறார்கள்?"

திசைத்துறை அமைச்சர் பூபதிராயர் எட்டிப் பார்த்தார். "இறங்குகிறார்கள், மன்னா."

"என் ஆட்சியிலா?"

மாலையே முரசறைந்தார்கள். இனி அத்தெருவில் ஏறலாம், இறங்கக் கூடாது. பெயரும் ஏறுமுகத் தெரு என்று மாறியது. கன்னியப்பன் ஊற்றில் நிரப்பி, மலையைச் சுற்றிச் சுடுகாட்டுப் பாதையில் இறங்கி, தெருவின் அடியிலிருந்து முழுப் பாரத்தோடு ஏறினான். தெருவே பின்னால் நின்று தள்ளியது. மேல் வீடுகளுக்குத் தண்ணீர் வருவதற்குள் அடுப்பு அணைந்துவிடும்.

தள்ளுகிறவர்கள் குனிந்திருந்தார்கள். முகம் தெரியவில்லையே என்று அரசர் வருந்தினார். அடுத்த ஆணை வந்தது: நிமிர்ந்து, மலர்ந்த முகத்துடன் ஏறுக.

"நிமிந்துக்கிட்டு எப்படிடி தள்றது?" என்றார் கொத்தனார் நாகலிங்கம்.

"பல்லைக் காட்டு மாமா, வண்டி தானா ஏறிடும்" என்றாள் தவமணி.

மூச்சு வாங்க நிற்கும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஓரமாகக் கற்கள் கிடந்தன. அவை அரசர்மேல் எறியச் சேர்த்து வைத்தவை என்று பூபதிராயர் கண்டறிந்தார். அள்ளிக்கொண்டு போனார்கள்.

தெரு முறையிட்டது. அரசர் பெருந்தன்மையோடு மக்கள் கருத்தைக் கேட்டுவரச் சொன்னார்.

பூபதிராயர் வந்த நேரத்தில் வண்டி பாதி ஏற்றத்தில் நின்றிருந்தது. பின்னுக்கு நழுவிய சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கல் இல்லாமல், கன்னியப்பன் ஓடிவந்து காலைக் கொடுத்திருந்தான். கால் சக்கரத்தடியில் மாட்டிக்கொண்டது. அவன் கீழே கிடந்தான். தெரு மொத்தமும் இரண்டு கையாலும் வண்டியைத் தாங்கி நின்றது. ஒரு கை விட்டாலும் வண்டி அவன் நெஞ்சுமேல் ஏறிவிடும். பழைய கயிறு எதற்கும் உதவாமல் தவமணியின் தோளில் உரசித் தொங்கியது.

முரசு முழங்கியது. "பழைய திசையே வேண்டும் என்போர் கை தூக்குக!"

"ஐயா, கொஞ்சம் பொறுங்கய்யா! அடியில ஆளு கெடக்கான்!" என்று நாகலிங்கம் கத்தினார்.

"கருத்துதான் கேட்கப்படுகிறது. விளக்கம் கேட்கப்படவில்லை."

தவமணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஒருத்தரும் கைய எடுக்காதீங்க!" என்று அலறினாள்.

பூபதிராயர் தெருவை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார். ஒரு கையும் உயரவில்லை. "எதிர்ப்பில்லை" என்று அறிவித்துவிட்டு அரண்மனைக்குப் புறப்பட்டார்.

"இப்பத் தள்ளுங்க!" என்றாள் தவமணி. எல்லோரும் குனிந்தே தள்ளினார்கள். சக்கரம் ஒரு சாண் ஏறியது. நசுங்கிய காலோடு கன்னியப்பனை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

அவன் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது இதுதான்: "யாரும் கை தூக்கலியே?"

"தூக்கல."

"நல்லவேளை."

மேலே மாடத்தில் அரசரும் அதையேதான் கேட்டார். பதிலைக் கேட்டு அவரும் அதையேதான் சொன்னார்.