சாட்சி அக்காவும் ஒரு சிவப்புக் காயும்

நீலகிரி மலையில் யானை, கரடி, சிறுத்தை மூன்றையும் நேருக்கு நேர் பார்த்துத் தப்பித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சாட்சி அக்காவிடம் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியை வாங்கிவிட்டு, "பெட்டி வந்து சேரவே இல்லை" என்று பொய் சொல்லித் தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

அக்காவின் நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. குன்னூரில் அவர் வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தவன் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இருந்திருக்கும். ஆனால் அது பதினான்கு பக்கம். மூன்றாவது பக்கத்தில், மாடிப்படியில் ஏற்கெனவே இருந்த கீறல்களின் பட்டியலுக்கு நடுவே, நான் தூங்கிவிட்டேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரு தேயிலை ஃபேக்டரியில், சரக்கை மூட்டை கட்டி அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவர். ஃபேக்டரியை மூடியதும் கையில் இருந்த தொழில் சுத்தமாகக் கட்டு கட்டுவது ஒன்றுதான். மலையை விட்டு இறங்கிப் போகிறவர்கள் கம்பளி, ஹீட்டர், ரப்பர் பூட்ஸ், ஹாஸ்டல் டிரங்குப் பெட்டி என்று எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். அதையெல்லாம் வாங்கி, பழைய பொருள் விற்கும் ஆப்பில் போட்டு விற்க ஆரம்பித்தார்.

முதல் வியாபாரமே வினையாக முடிந்தது. நல்ல ஹீட்டர் ஒன்றைச் சேலத்துக்காரர் ஒருவர் வாங்கினார். வாங்கியவர், பெட்டிக்குள் செங்கல்தான் இருந்தது என்று புகார் கொடுத்தார். அந்த ஆப்காரர்கள் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஹீட்டரும் போச்சு, பணமும் போச்சு.

"செங்கலுங்க தம்பி! நானு செங்கல் அனுப்பற ஆளுங்களா? இந்தக் குன்னூர்ல செங்கல் என்ன வெல விக்குதுன்னு அந்தாளுக்குத் தெரியுங்களா?"

அன்றைக்கு வேறு ஆப்புக்கு மாறினார். ஆளும் மாறிப்போனார்.

அதன்பிறகு எது விற்றாலும் வீடியோதான். மேசைமேல் பொருள். பக்கத்தில் அன்றைய செய்தித்தாள். அந்தப் பக்கம் ஃபேக்டரியிலிருந்து வாங்கி வந்த தராசு. இந்தப் பக்கம் சாட்சி. சாட்சி என்றால் பெரும்பாலும் நான். மருந்துக் கம்பெனி பிரதிநிதியான நான், காலையில் டை கட்டிக்கொண்டு படி இறங்கும் நேரம் பார்த்து அக்கா போனைத் தூக்கிப் பிடிப்பார்.

"உங்க பேரச் சொல்லுங்க. அப்பா பேரு. இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"குக்கர், அக்கா."

"மூடி?"

"மூடியும் இருக்கு."

"விசிலு?"

விசிலையும் ஒப்புக்கொண்டால்தான் விடுவார். என் சாட்சியம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நான் டாக்டரைப் பார்க்க ஓடிவிடுவேன். அக்கா மேற்கொண்டு அரைமணி நேரம் கட்டிக்கொண்டிருப்பார். கடைசிக் காட்சி கூரியர் ஆபீசில். அங்கே கடை நடத்தும் ரஃபீக் பாய் கேமராவுக்காகத் தலையை வாரிக்கொண்டு, "பார்சல் நல்ல கண்டிசன்ல வந்துச்சு, நான் வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். பாய் இதற்கென்றே கடையில் ஒரு தனிச் சட்டை வைத்திருந்தார்.

ஒருமுறை போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நான் வெலிங்டன்ல பட்டாளத்துல இருக்கேன். உங்க கட்டில எடுத்துக்கறேன். ஒரு க்யூஆர் கோடு அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க. பணம் வந்துரும்."

"பணம் வாங்கறதுக்கு நானு எதுக்குங்க பின் நம்பர் போடணும்?"

"மிலிட்டரி ரூல், மேடம்."

"அப்படீங்களா. வெலிங்டன் இங்க பக்கந்தானுங்க. அங்க இப்ப மழைங்களா, வெயிலுங்களா?"

"செம வெயிலு, மேடம்."

வெளியே ஆறு நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. "வெயிலுல நின்னு தலைவலி வந்துரப் போகுதுங்க, நெழலுக்குப் போங்க" என்று அக்கா மரியாதையாகச் சொல்லி வைத்தார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்குத்தான் புகார் மேல் புகார் வந்தது. அதுதான் ஆச்சரியம்.

முதலில் வந்தது ஐந்நூறு துண்டுகளைச் சேர்த்து அரண்மனைப் படம் அமைக்கும் விளையாட்டு. வாங்கிய அம்மாள் ஒரு துண்டு குறைகிறது என்றார். அக்கா வீடியோவை அனுப்பினார். அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே இறங்கியிருந்ததால், வெள்ளைத் திரையில் அக்காவின் குரல் மட்டும் "நானூத்தி எழுவத்தி மூணு, நானூத்தி எழுவத்தி நாலு" என்று எண்ணிக்கொண்டிருந்தது. புகார் அம்மாளுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அடுத்து, பீங்கான் டீ செட்டில் ஒரு சாஸர் குறைகிறது என்று ஒருவர். அந்த வீடியோ தெளிவாக இருந்தது. ஆனால் நாற்பத்தேழு நிமிடம். ஆப்பே வாங்க மறுத்துவிட்டது. அதுவும் தோல்வி.

ஆப்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு புகாரில் தோற்றால் கணக்கை நிரந்தரமாக மூடிவிடுவார்கள்.

அக்கா அதை என்னிடம் காட்டி, இரண்டுமுறை படிக்கச் சொன்னார். அந்த ஆப்தான் அவருக்குச் சோறு. அது போக வருமானம் என்றால் என் வாடகை. எனக்கோ அந்த வாரம்தான் திருச்சிக்கு மாற்றல் வந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். அக்கா மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "உங்க கேரம் போர்ட எடுத்துட்டுப் போறீங்களா, வித்துரலாமுங்களா?" என்று கேட்டார். துக்கத்திலும் தொழில்.

போர்டை விற்றோம். கரூரில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாங்கினார். இந்தமுறை வீடியோ ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, வெயில் அடிக்கும்போதுதான் எடுக்க வேண்டும் என்று நானே இயக்குநராக நின்றேன். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று, ஸ்ட்ரைக்கர் ஒன்று என்று சாட்சி சொல்லிவிட்டு, வழக்கம்போல் டாக்டரைப் பார்க்க ஓடினேன்.

ஐந்தாம் நாள் புகார். சிவப்புக் காயைக் காணவில்லை. தலைமையாசிரியரும் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தார். பின்னால் அவர் சம்சாரம், சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று சாட்சிகள் வரிசையாக நின்றார்கள். ஏழு நாளில் இருவரும் பேசித் தீர்க்காவிட்டால் தாங்களே தீர்ப்புச் சொல்வதாக ஆப்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

"இந்தவாட்டி மாட்டுனாரு பாருங்க வாத்தியாரு!" என்று அக்கா குதித்தார். "நம்ம வீடியோவ அனுப்புங்க தம்பி."

அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாக அக்காவின் வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன். துல்லியமாக இருந்தது. காய்களை எண்ணுகிறார். டப்பாவில் போடுகிறார். நான் படியிறங்கி ஓடும் சத்தம் கேட்கிறது. அதன்பிறகு அக்கா சிவப்புக் காயை மட்டும் எடுத்து, கேமராவுக்கு நன்றாகக் காட்டி, "சாம்பிள் எடுத்தாச்சுங்க" என்று சொல்லித் தன் ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்.

"அக்கா! இது என்னக்கா?"

"சாம்பிளுங்க."

"எதுக்கு?"

என்னை அவர் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "ஃபேக்டரில எந்தச் சரக்கு போனாலும் ஒரு பிடி சாம்பிள் எடுத்து, டப்பால போட்டு, லேபிள் ஒட்டி வெப்போமுங்க. வாங்குனவன் 'இது நீ வித்த தூளே இல்ல'ன்னு சண்டைக்கு வந்தான்னா, டப்பாவத் தெறந்து அவன் தூளையும் நம்ம தூளையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காய்ச்சிக் குடிச்சுப் பாக்கறது. சாம்பிள் இருந்தா எவனும் வாயத் தெறக்க முடியாதுங்க."

உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அலமாரி முழுக்க பிஸ்கட் டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் தேதி, பொருள், ஊர். ஒன்றில் அரண்மனையின் ஒரு ஜன்னல். ஒன்றில் சாஸர். ஒன்றில் திரைச்சீலை வளையம். ஒன்றில் ஸ்வெட்டர் பொத்தான். இன்னொன்றில் குக்கர் விசில். அந்த விசிலுக்கு நானே சாட்சி சொல்லியிருந்தேன். தினமும் டாக்டர்களுக்கு மருந்து சாம்பிள் கொடுத்தே வயிறு கழுவுகிற எனக்கு, மூன்று வருடமாக ஒரு சாம்பிள் கிடங்கின் தலைக்கு மேல் குடியிருக்கிறோம் என்பது தெரியவில்லை.

"அக்கா, தூள்ல ஒரு பிடி எடுத்தா மிச்சமும் தூள்தான். கேரம்ல செவப்புக் காய எடுத்துட்டா மிச்சம் என்னக்கா?"

அக்கா அலமாரியைப் பார்த்தார். அப்படியே டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பொ... அந்த ஜனங்க ஆரும் பொய் சொல்லலீங்களா?"

"இல்லக்கா."

"நாந்தான் செங்கலு அனுப்பிருக்கேனுங்க" என்றார், ரொம்ப மெதுவாக.

எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. வீடியோவில் அந்தப் பத்து வினாடியை வெட்டிவிட்டு அனுப்பலாம், யாருக்கும் தெரியாது என்றேன். அவ்வளவுதான், எழுந்து நின்றுவிட்டார். "வெட்டி ஒட்டறதுக்குப் பேரு சாட்சிங்களா? நல்ல படிச்ச ஆளு பேசற பேச்சுங்களா இது?" என்று கேட்டு, அங்கேயே தலைமையாசிரியருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

எதிர்முனையில் தலைமையாசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உண்மை பேசியதற்கு மகிழ்ச்சி அம்மா. காய் என் கைக்கு வந்ததும் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்."

"நீங்க புகார வாபஸ் வாங்குங்க, நானு உடனே அனுப்பிப் போடறேனுங்க."

"முதலில் காய்."

"மொதல்ல வாபஸுங்க."

மனம் திருந்தினாலும் பழக்கம் திருந்துமா? நான்கு நாள் இதே பேச்சு. அதற்குள் மற்ற டப்பாக்களையெல்லாம் காலி செய்து, மன்னிப்புச் சீட்டு வைத்து, உரியவர்களுக்கு அனுப்பிவிட்டார். ரஃபீக் பாய் ஒவ்வொரு கவருக்கும் தலை வாரிக் களைத்துப்போனார். சிவப்புக் காய் மட்டும் நகரவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கெடு. இனிக் கூரியர் போய்ச் சேராது.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் திருச்சிக்குக் கிளம்புவதாக இருந்தது. வழியில்தான் கரூர்.

காலையில் அக்கா முறைப்படி வீடியோ எடுத்தார். என் பேர், அப்பா பேர், காயின் நிறம், காயின் எடை. நான் பஸ் ஏறினேன். பர்லியாறு வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்று இரண்டு மணி நேரத்தைத் தின்றது. மேட்டுப்பாளையத்தில் டயர் பஞ்சர். கரூரில் தலைமையாசிரியர் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஐந்து பத்து.

கதவு திறப்பதற்குள் போன் கேமரா திறந்தது. "உங்கள் பெயர்? தந்தை பெயர்?"

காயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். போர்டில் வைத்துச் சுண்டினார். "ஓடுகிறது. ஆனால் ஆட்டத்தில் எப்படி என்று பார்க்க வேண்டும். உட்காருங்கள்."

"சார், ஆறு மணிக்குக் கெடு சார்!"

"ஒரு போர்டுதான்."

உட்கார்ந்தேன். கேரம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அவர் சீக்கிரம் ஜெயிக்கட்டும் என்று அன்றைக்கு நான் ஆடிய கேவலமான ஆட்டத்தை வேறு யாரும் ஆடியிருக்க முடியாது. ஸ்ட்ரைக்கரையே இரண்டுமுறை குழிக்குள் தள்ளினேன். அப்படியும் அந்த மனிதர் சிவப்புக் காயைப் போட்டபின் அடுத்த காய் விழாமல், ரெட் திரும்பத் திரும்ப நடுவுக்கே வந்து உட்கார்ந்தது. ஐந்து ஐம்பத்தொன்றுக்கு ரெட் விழுந்தது, தொடர்ந்து கடைசி வெள்ளையும் விழுந்தது. சம்பந்தி கைதட்டினார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, தலைமையாசிரியர் புகாரை வாபஸ் வாங்கினார்.

கரூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, காய் போய்ச் சேந்துருச்சு. வாபஸ் வாங்கிட்டாரு. கணக்கு தப்பிச்சுது."

"அதெல்லாம் பாத்தேனுங்க, மெசேஜ் வந்துருச்சு" என்றார் அக்கா. "நீங்க போய்ச் சேந்துட்டீங்களா?"

திருச்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அங்கே நான் எப்போது போய்ச் சேர்ந்தாலும் கவலைப்பட ஓர் ஆள் கிடையாது. சேந்தாச்சுக்கா, நல்ல கண்டிசன்ல இருக்கேன் என்றேன். சாட்சி எதுவும் கேட்காமல் அதை அப்படியே நம்பிவிட்டார் அக்கா.