ஒன்பதாவது ரீலும் ஆபரேட்டரின் வலது கண்ணும்

கள்ளக்குறிச்சியே அழுதபோதும் அழாமல் இருந்த ஒரே மனிதர் எங்கள் ஆபரேட்டர்தான். கல்லுக்குக்கூட மழைக்காலத்தில் வேர்க்கும். அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் வராது.

பிள்ளைகளே, அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. சினிமா கொட்டகையில் தரை டிக்கெட் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. மாடியில் படம் ஓட்டுகிறவர் ஆபரேட்டர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அவர் சம்சாரமே 'ஆபரேட்டர் சாப்ட்டாரா' என்று கேட்டனுப்பும்போது நாங்கள் எங்கே போய் விசாரிப்பது?

இருபது வருஷம் படம் காட்டும் மெஷினுக்குள் கார்பன் குச்சி எரியும் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவர் கண் காய்ந்துபோய்விட்டது. தெருவில் கல்யாணம் என்றால் மூட்டை வெங்காயமும் உரிக்க அவர் வீட்டுக்குத்தான் போகும். கண் எரியும், ஆனால் தண்ணீர் வராது. உறுத்தல் அதிகமானால் அவருக்குப் பார்வை மங்கும். லென்ஸைச் சரிபார்க்க முடியாமல் கூடவே திரையில் படமும் மங்கும். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து லாரியில் வந்தவர்கள், "யோவ், படத்தத் தொடைச்சிட்டுப் போடுய்யா" என்று விசிலடிப்பார்கள்.

ஒருநாள் முதலாளி மாடி ஏறி வந்தார்.

"இன்னொரு தபா படம் மங்குச்சின்னா என் மச்சான் இந்த ஸ்டூல்ல உக்காருவான். நீ வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்."

அந்த வாரமே ஊருக்கு ஒரு கண் டாக்டரம்மா வந்தார். மலைச்செடி ஒன்றிலிருந்து சுத்தமாகத் தயாரித்த புதுச் சொட்டு மருந்தைப் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். ஆபரேட்டர் முதல் ஆளாகப் போய் நின்றார். ஆளுக்கு இரண்டு சீசா. சிவப்பு நூல் கட்டியது வலது கண்ணுக்கு, வெள்ளை நூல் இடது கண்ணுக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எது எதில் என்பது ஒட்டிய கவருக்குள் இருந்தது, டாக்டரம்மாவுக்கே தெரியாது. வாரம் ஒருமுறை கீழ் இமையில் மெல்லிய காகிதம் வைத்து, எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளப்பார்கள்.

வாரம் ஒருமுறை என்பது ஆபரேட்டருக்குப் போதவில்லை. எங்கள் கொட்டகையில் அப்போது ஓடிய படத்தில், ஒன்பதாவது ரீலில், அண்ணன்காரன் விளக்கில்லாத வீட்டில் தங்கையின் கிழிந்த பாவாடையைத் தைப்பான். கொட்டகையே தேம்பும்.

"தெனம் மூணு ஷோ. மூணு தபாவும் அதே துக்கம், ஒரு பொட்டு ஏறாம எறங்காம. இதவிட நல்ல சோதனை எந்த ஆஸ்பத்திரில கெடைக்கும், சொல்லு" என்றார்.

காகிதத்துக்கு எங்கே போவது? தரை டிக்கெட்டைக் கிழித்து இரண்டு கண்ணிலும் செருகிக்கொண்டார். அது மட்டமான ரோஸ் சாயம். ஷோ முடிந்து இறங்கி வந்தவரைப் பார்த்து முறுக்குக்காரர் கூடையைக் கீழே போட்டுவிட்டார். இடது கன்னம் சுத்தம். வலது கன்னத்தில் மட்டும் ரோஸ் கோடு ஒன்று தாடை வரை இறங்கியிருந்தது. ஆபரேட்டர் ஊர் முழுக்க அந்தக் கன்னத்தைக் காட்டிவிட்டுத்தான் கழுவினார். டாக்டரம்மா அவரை நிற்கவைத்து அரைமணி நேரம் திட்டினார். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் கொடுக்காத எதையும் கண்ணில் வைக்கக் கூடாது.

அதன் பிறகு காகிதத்தின் வேலையை நான் பார்க்க வேண்டியதாயிற்று. ஒன்பதாவது ரீல் வந்ததும் நான் மாடிக்கு ஓடி, டார்ச் அடித்து, எந்தக் கண் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வாசலில் யார் யார் சும்மா உள்ளே நுழைந்தார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி. முதலாளி மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார். எட்டு ரீலும் படம் பளிச்சென்று ஓடியது. ஒன்பதாவது ரீலில் நான் மாடி ஏறினால், ஆபரேட்டரின் வலது கண் குழாய் திறந்த மாதிரி கொட்டுகிறது. அவர் துடைக்கத் துண்டைத் தேட, முழங்கை லென்ஸில் இடிக்க, திரையில் அண்ணன் தங்கை பாவாடை எல்லாம் ஒரே மூட்டமாகப் போயிற்று. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

தொலைந்தது வேலை என்று சுவரின் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். ஒரு விசில் இல்லை. அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குப் படம் முன்பே மங்கியிருந்தது. நான் லென்ஸை நேராக்கியது ரீல் முடிகிற சமயத்தில்தான்.

முதலாளி மூக்கைச் சிந்திக்கொண்டே மேலே வந்தார். "இன்னிக்குப் படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சுய்யா. மச்சான ஊருக்கு அனுப்பிடறேன்" என்றார்.

சோதனை முடிந்து கவரைப் பிரித்தார்கள். சிவப்பு நூல்தான் மருந்து. ஆபரேட்டருக்குப் பாதி சந்தோஷம்தான்.

"எடது கண்ணு இன்னாம்மா பாவம் பண்ணுச்சு? உப்புத் தண்ணிய குட்ச்சிக்கினு அதுவும் தானே கூட வந்துச்சு?"

பத்துப் பேர் கணக்கையும் பார்த்த பிறகு அதற்கும் மருந்து தருவதாக டாக்டரம்மா சொன்னார்.

அது வருவதற்குள் எனக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்துவிட்டது. பஸ் ஏற்றிவிட ஆபரேட்டர் வந்திருந்தார். "போ, போ. இனிமே டார்ச்சுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்" என்று தலையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் கிளம்பியபோதுதான் அவர் முகத்தின் இடதுபக்கம் எனக்குத் தெரிந்தது. மருந்தே படாத அந்தக் கண், தாடை வரை நனைந்திருந்தது.