தலையணை உறையில் குடியிருந்த பேய்

அமெரிக்காவின் எல்க் ஹாலோ ஊரில் பேய் பிடிக்காத வீடே கிடையாது என்பது அந்தப் பனிக்காலத்தில்தான் ஊராருக்குத் தெரிய வந்தது. அதுவரை பாவம், அவர்கள் அதைக் குடிப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டு சொன்னவர் பிரசங்கியார் பிரதர் ஹார்லன். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை பூட்ஸ். எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார். மேலே இருந்தது ஒழுகும் கூரை. விஸ்கான்சின் குளிரில் மூடிக்கிடந்த பழைய பௌலிங் அரங்கத்தைத்தான் அவர் வாடகைக்குப் பிடித்திருந்தார். ஒரு காலத்தில் பந்து உருண்ட தடங்களில் இப்போது நாற்காலிகள். அத்தனையிலும் பெண்கள். அவர்கள் மடியில் ஆளுக்கொரு தலையணை உறை.

ஏன் தலையணை உறை? பிரதரே விளக்குவார். "குடிகாரன் முழிச்சிருந்தா பொய் சொல்லுவான் சிஸ்டர். தூங்கும்போது சொல்ல முடியாது. அவன் தலை வெச்ச துணி உண்மையைச் சொல்லும்!"

துணி எப்படிச் சொல்லும்? கண்ணாடிக் கிண்ணத்தில் தெளிந்த தண்ணீர். பிரதர் உறையை வாங்கி முக்குவார், கசக்குவார், கண்ணை மூடி உறுமுவார். தண்ணீர் மை போலக் கறுக்கும். கூட்டம் ஓவென்று அலறும். அலறல் அடங்கியதும் பாப்கார்ன் வாளி ஒன்று காணிக்கைக்காக வரிசை வரிசையாக நகரும். பேய்க்குப் பசியில்லை, வாளிக்குத்தான் அடங்காத பசி.

பிறகு பரிகாரம். ஒரு சிறு புட்டி எண்ணெய். கூடவே கட்டளைகள்: ஆளை அறையில் போட்டுப் பூட்டு. ஒரு சொட்டு மது தராதே. டாக்டரைக் கூப்பிடாதே. முக்கியமாக, வீட்டு விஷயத்தை வெளியே ஒருவரிடமும் சொல்லாதே. சொன்னால் பேய் கொழுக்கும். புருஷன் குடியை விட்டால் அது பிரதரின் வல்லமை. விடாவிட்டால் பெண்டாட்டியின் அவநம்பிக்கை. நட்டமே வராத இப்படியொரு தொழிலைப் பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நாற்காலிகளில் ஒன்றில்தான் ட்வைலா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு டோரிஸ் இழுத்து வந்திருந்தாள். ட்வைலா ஊரின் பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். காலை முதல் மாலைவரை பிறர் வலிக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள், தன் வலியைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அவள் புருஷன் ரஸ் கவுன்டி நிர்வாகத்தின் பனி அகற்றும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு காலையில் சாலைப் பனியை விட்டுவிட்டு ஒரு வீட்டின் முன்வாசலை அகற்றிவிட்டான். வேலை போயிற்று. அதுவரை, "ரஸ்ஸுக்குக் காய்ச்சல்", "ரஸ்ஸுக்கு முதுகு பிடிச்சிடுச்சு" என்று அவன் மேலாளருக்கு ட்வைலா சொன்ன நோய்களையெல்லாம் சேர்த்தால் ஒரு மருத்துவமனையே கட்டலாம். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள், தூண்டில் பெட்டியில், கழிப்பறைத் தொட்டியில் என்று அவன் ஒளித்த புட்டிகளைத் தேடித் தேடிக் கொட்டினாள். அவன் புது இடம் கண்டுபிடித்தான். இவள் புதுசாகத் தேடினாள். அதுதான் அவர்கள் குடும்ப வாழ்க்கை.

பிரதர் அவள் உறையைக் கசக்கினார். தண்ணீர் கறுத்தது.

"சிஸ்டர், இது சின்னப் பேய் இல்ல. நீங்க ஏதோ குறை வெச்சிருக்கீங்க. அந்த வழியாத்தான் உள்ள வந்திருக்கு."

"என்ன குறை பிரதர்?"

"அது உங்களுக்கே தெரியும்."

தெரிந்துவிட்டது. திருமணமான நாள் முதல் இன்றுவரை செய்ததும் செய்யாததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பிரதருக்கு ஒரு குற்றம்கூடக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமமில்லை. ஏமாறுகிறவர்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குப் போனதும், ரஸ் நிலவறையில் தூங்கும் சமயம் பார்த்துக் கதவைப் பூட்டினாள். முதலில் கத்தினான். பிறகு கெஞ்சினான். மறுநாள் அவன் குரலே மாறிவிட்டது.

"ட்வைலா... சுவர் பூரா பூச்சி. எடுத்துப் போடேன். கை நிக்க மாட்டேங்குது."

அவள் பிரதருக்குப் போன் போட்டாள்.

"நல்ல செய்தி சிஸ்டர்! பேய் ஆடுது. கிளம்பப் போகுது. கதவை மட்டும் திறந்துடாதீங்க."

"அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆச்சுன்னா உங்க நம்பிக்கை போதலன்னு அர்த்தம்."

உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. பிறகு தரையில் குதிகால்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். ட்வைலா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நம்பிக்கை வேண்டுமா, ரஸ் வேண்டுமா? போனை வைத்தாள், கதவைத் திறந்தாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவன் வாயில் நுரை. உடம்பு வில்லாக வளைந்திருந்தது.

மருத்துவமனையில் பெண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"வருஷக்கணக்கா அதிகமாக் குடிச்ச உடம்பு. திடீர்னு நிறுத்தினா இப்படி வலிப்பு வரும். உயிரே போகலாம். மருந்து கொடுத்து, பக்கத்துல இருந்து பார்த்துத்தான் நிறுத்தணும். யாரு பூட்டி வைக்கச் சொன்னது?"

பேய் என்று சொல்ல ட்வைலாவுக்கு முதன்முறையாக வெட்கமாக இருந்தது.

டாக்டர் குரல் தணிந்தது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூலகத்துக் கீழ்த்தளத்துல ஒரு கூட்டம் நடக்குது. போய்ப் பாருங்க."

"அவர் வரமாட்டார் டாக்டர்."

"அவருக்கில்ல. குடிக்கிறவங்க கூட இருக்கிறவங்களுக்கு. உங்களுக்கு."

தனக்கென்று ஒன்று இருக்கும் என்பதே ட்வைலாவுக்குப் புதுச் செய்தி.

போனாள். கீழ்த்தளத்தில் அற்புதம் எதுவும் இல்லை. மடக்கு நாற்காலிகள், வெந்நீர் போலக் காப்பி, வட்டமாக உட்கார்ந்த மனிதர்கள். கிண்ணமும் இல்லை, வாளியும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்வெல்லா பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்திப் போட்டாள். அவள் புருஷன் இன்னும் குடிப்பவன்தானாம்.

"உக்காரும்மா. பேசணும்னு கட்டாயம் இல்ல. அழுதா அந்தப் பக்கம் டிஷ்யூ இருக்கு. நான் போன வாரமே பாதியை முடிச்சிட்டேன்."

ட்வைலா பேச வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் ஒருத்தி, மகன் குடிப்பதை மறைக்கத் தன் அக்காவோடு பேசுவதையே விட்டதாகச் சொன்னபோது, ட்வைலாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. காய்ச்சல், முதுகுவலி, கழிப்பறைத் தொட்டி, நிலவறைப் பூட்டு, எல்லாம் வந்தது. கடைசியில், "நான்தான் காரணம்னு பிரதர் சொன்னாரு" என்றாள்.

"நீயா அவன் வாயில ஊத்தின?" என்றாள் மார்வெல்லா.

"இல்ல."

"அப்போ நீ எப்படிக் காரணம்? உன்னால அவனைக் குடிக்க வைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அவன் வைத்தியத்துக்குப் போறேன்னா கூடப் போ. பொய் கேட்டா சொல்லாத. நீ ஒழுங்கா சாப்பிடு, தூங்கு. இதுல பேய்க்கு எங்க இடம்?"

"ஆனா தண்ணி கறுத்துச்சே! என் கண்ணால பார்த்தேன்."

வட்டத்தில் பலர் தலை குனிந்தார்கள். அவர்கள் வீட்டு உறைகளும் கறுத்தவைதான். வெளியே சொல்லாதே என்ற கட்டளையைக் கடைப்பிடித்ததால் அடுத்தவர் ஏமாந்தது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. பிரதர் அவர்கள் வாயைக் கட்டியது பேயைப் பட்டினி போட அல்ல.

மார்வெல்லா கேட்டாள்: "துணியை யாரு முக்குறது?"

"அவருதான்."

"ஒரு தடவையாவது நீங்க யாராச்சும் முக்கியிருக்கீங்களா?"

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி சிரித்தாள். ட்வைலா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். கோபமும் கூடவே வந்தது.

"எங்க வீட்டு வால்டருக்கும் ஒரு தலையணை இருக்கு" என்றாள் மார்வெல்லா. "உறையைக் கழட்டித் தரேன். நீ கொண்டு போறியா?"

"தாங்க" என்றாள் ட்வைலா.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. ட்வைலா மேடையேறி, மார்வெல்லா கொடுத்த உறையை நீட்டினாள். மார்வெல்லா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரோடது சிஸ்டர்?"

"வால்டர். எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல இருக்காரு."

பிரதர் கசக்கினார். தண்ணீர் கறுத்தது. அரங்கம் அலறியது.

"ஐயோ! ரொம்ப முத்திப் போச்சு! இவர் வேலைக்கே போறதில்ல!"

"சுத்தமாப் போறதில்ல பிரதர்."

"சாயங்காலம் ஆனா உறுமுறாரு!"

"தபால்காரரைப் பார்த்தா ரொம்பவே உறுமுறாரு."

"கண்ட இடத்துல விழுந்து கிடக்கிறாரு. கண்ட இடத்துல அசிங்கம் பண்றாரு!"

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல. கதவைச் சுரண்டிக் காட்டறாரு."

பிரதர் வேகத்தில் இருந்தார். காது வேலை செய்யவில்லை. "இது அப்பன் வழியா வந்த சாபம்!"

"அப்பன் யாருன்னு தெரியாது பிரதர். தெருவுல திரிஞ்ச ஏதோ ஒரு லாப்ரடார்னு சொல்றாங்க."

பின்வரிசையில் மார்வெல்லாவின் சிரிப்பு வெடித்தது. மெல்ல மெல்ல அது முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது. நாய்! பிரதர் ஒரு நாயைக் குடிகாரன் ஆக்கிவிட்டார்!

ஆனால் கைதேர்ந்தவர் இதற்கெல்லாம் விழுவாரா? இரண்டு கையையும் தூக்கினார். "சிரிக்காதீங்க! மனுஷனை விட்டுப் பேய் நாய்க்குள்ள புகுந்திருக்கு! இதைவிட என்ன சாட்சி வேணும்?"

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. டோரிஸ் நெஞ்சில் சிலுவை போட்டாள். மூடநம்பிக்கைக்கு இருக்கும் ரப்பர்த்தன்மை வேறெதற்கும் கிடையாது. எவ்வளவு இழுத்தாலும் கிழிவதில்லை.

ஆனாலும் ட்வைலா மேடையை விட்டு இறங்கவில்லை. கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவி, குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து வந்து, எல்லாரும் பார்க்க வைத்தாள். கைப்பையிலிருந்து இன்னொரு உறையை எடுத்தாள்.

"இது என் புருஷன் ரஸ்ஸோடது. அவர் குடிகாரர். இத்தனை நாளா அவருக்குக் காய்ச்சல்னு உங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிட்டிருந்தேன். இவர் சொன்னாருன்னு அவரைப் பூட்டி வெச்சுச் சாகடிக்கப் பார்த்தேன். பேய் இருந்தா இதுலதான் இருக்கணும். பிரதர், நீங்க தள்ளி நில்லுங்க. நான் முக்குறேன்."

"நம்பிக்கையில்லாத கை தொட்டா பேய் பேசாது!" என்று பாய்ந்தார் பிரதர்.

"பேய்க்குக் கூடவா கை பார்த்து வேலை செய்யத் தெரியும்?" என்றாள் ட்வைலா. முக்கினாள். கசக்கினாள். பிழிந்தாள்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

ஒரு பெண் எழுந்து வந்து தன் உறையை முக்கினாள். தெளிவு. அடுத்தவள் வந்தாள். தெளிவு. ஊரின் பெருங்குடிகாரர்கள் தலை வைத்த துணிகளெல்லாம் அந்தக் கிண்ணத்தில் மூழ்கி எழுந்தன, கறுப்பைக் காணோம்.

"பிரதர், துணி வேண்டாம். உங்க கையை மட்டும் முக்கிக் காட்டுங்களேன்" என்றாள் ட்வைலா.

பிரதர் கையைப் படக்கென்று கோட்டுப் பையில் திணித்தார். அதுதான் அவர் செய்த தவறு. நாயின் உறையைக் கசக்கிய ஈரம் இன்னும் காயவில்லை. நகத்துக்கடியில் அடைத்து வைத்திருந்த சாயப்பொடி அந்த ஈரத்தில் கரைந்தது. வெள்ளைக் கோட்டின் பையில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது. காசு அளவு ஆனது. தட்டு அளவு ஆனது. ஊரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, பேய் கடைசியில் தன் சொந்த வீட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பின்கதவு வழியாக ஓடிய பிரதரின் கார் பனியில் புதைந்தது. தள்ளிவிட ஒருவரும் வரவில்லை. போலீஸ் அதிகாரிதான் வந்தார்.

ரஸ் சிகிச்சைக்குப் போனான். வீட்டுக்கு வந்தான். பனி உருகியதும் மறுபடி குடித்தான். யார் கேட்டாலும் இந்த முறை ட்வைலா காய்ச்சல் என்று சொல்வதாக இல்லை. "சிகிச்சைக்கு நீ போனாத்தான் ஆகும் ரஸ். நான் உனக்காகப் போக முடியாது" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே மறுபடியும் போனான். நிற்குமா? யாருக்குத் தெரியும். அவன் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கீழ்த்தளத்தில் இருந்தாள். அன்று தூக்கம் நன்றாக வந்தது.

ஒருநாள் டோரிஸ் வேலியோரம் வந்து நின்றாள். "ஏன் ட்வைலா, தண்ணி வித்தை ஏமாத்துதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த எண்ணெய்? அது நிஜமா இருந்தா? பாதிப் புட்டி மிச்சம் இருக்கே."

"மக்காச்சோள எண்ணெய் டோரிஸ். மீன் வறுத்துக்க. செவ்வாய்க்கிழமை என் கூட வா."

டோரிஸ் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிக்கட்டும். குடி ஒரு நோய். அதற்கு மருத்துவர் இருக்கிறார். கூடவே கிடந்து துன்பப்படுகிறவர்களுக்குத் துணைக்கு மனிதர் இருக்கிறார்கள். ஆனால் அடுத்தவன் கையால் நம் துணியை முக்கவிட்டு, அவன் காட்டிய கறுப்பைப் பார்த்து அலறிக்கொண்டிருக்கும் வரை, நமக்குப் பிடித்திருக்கும் பேயின் பெயர் சோம்பேறி மூளை. அதை ஓட்ட எந்த பிரதரும் வரமாட்டார். வந்தால் அவர் பிழைப்பு என்னாவது?