எண்ணெய் வைத்த ஹோஸ்டா

கையகல மண்ணைக் கண்டாலும் அதற்குச் சீமெந்து பூசிவிட வேண்டும் என்று துடிக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத்தான் நான் கலியாணம் செய்திருக்கிறேன். (நல்ல மனிதர். சீமெந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அப்படி.)

இரண்டாயிரத்து ஒன்பதில் பாரிசுக்குப் பக்கத்து ஊரான பொண்டியில் வீடு வாங்கியபோது, பக்கவாட்டில் ஒரு துண்டு நிலமும் சேர்ந்து வந்தது. அடுத்த வீட்டு மரம் அதை முழுவதுமாக மூடி நின்றதால் வெயில் அங்கே எட்டியும் பார்க்காது. கத்தரி வைத்தேன், செத்தது. மிளகாய் வைத்தேன், அதுவும் செத்தது. கீரை விதைத்தேன், முளைக்கவே மறுத்தது. ஒவ்வொரு சாவுக்கும் இவர் வந்து எட்டிப் பார்த்து, துக்கம் விசாரிப்பதுபோலத் தொடங்கி, சீமெந்தில் முடிப்பார்.

"இஞ்சாரும், இதிலை ஒண்டும் வராது. சீமெந்தைப் போட்டுவிட்டால் வானை உள்ளை விடலாம். ஒவ்வொரு நாளும் தெருவிலை இடம் தேடிச் சாகிறன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாரிசின் லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளுக்கு வான் வண்டியில் சாமான் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் தொழில். ஆனால் நியாயம் இருக்கிறது என்பதற்காக விட்டுக்கொடுக்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

அந்த மரத்தின் சொந்தக்காரி மதாம் ஒடில், நான் செடிகளை அடுத்தடுத்துக் கொல்வதைப் பார்த்துப் பொறுக்க முடியாமலோ என்னவோ, ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு பூச்சட்டியை நீட்டினார். ஹோஸ்டா என்றார். நிழலில்தான் நன்றாக வரும், வெயில் பட்டால் கருகும், பூவைவிட இலைக்குத்தான் பெயர் என்றார். என் மண்ணுக்கென்றே பிறந்த செடி. இரண்டு வருடத்தில் இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, சாம்பல் கலந்த நீலத்தில் நின்றது. மதாம் ஒடில் என்னை எங்கள் பிராந்தியத்து ஹோஸ்டாக் கழகத்திலும் சேர்த்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரர் நத்தை தின்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கழகத்தில் நத்தையைச் சபிப்பார்கள். அது இலையைத் தின்றுவிடுமாம். ஒரு பிற்பகல் முழுவதும் அதைப் பற்றியே பேசினார்கள். அதை விரட்ட ஒருவர் முட்டைக்கோது போடச் சொன்னார், ஒருவர் பியர் வைக்கச் சொன்னார். வசந்தத்தில் செடிகளைப் பிரித்து ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள்; அப்படித்தான் என் நிலமும் ஹோஸ்டாக்களால் நிரம்பியது. கோடையில் ஒருவர் தோட்டத்துக்கு எல்லோரும் போய், வாய் நிறையப் புகழ்ந்துவிட்டு, வெளியே வந்ததும் குறை சொல்வார்கள். (எங்கள் கலியாண வீடுகளேதான். உடனே ஒட்டிக்கொண்டேன்.) ஜூன் மாதத்தில் கண்காட்சியும் பரிசும். பெரிய இலை, சின்ன இலை, கரை போட்ட இலை, நீல இலை என்று பிரிவுகள். லா சப்பலில் ரூ காய் தெருவில் சேலைக்கடையில் நிற்கிறவளுக்குக் கரையும் நிறமும் விளங்காதா?

"நீலத்திலை பரிசு எடுத்தனெண்டால் இந்த நிலத்தைப் பற்றி நீங்கள் வாயே திறக்கக்கூடாது," என்று இவரிடம் சொன்னேன்.

"எடுக்காட்டி?"

"சீமெந்து போடுங்கோ."

உடனே சம்மதித்தார். அவ்வளவு விரைவாக அவர் எதற்கும் சம்மதித்ததில்லை, என்னைக் கட்டுவதற்குக்கூட.

கடைக்கு வந்தவர்கள் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. கூறைச்சேலை எடுக்க வந்த ஒரு பெண், பாவம், கேட்டாள்.

"அது காய்க்குமோ அக்கா?"

"இல்லை."

"பூவைச் சாமிக்கு வைக்கலாமோ?"

"வைக்கிறேல்லை."

"அப்ப என்னத்துக்கு வளர்க்கிறியள்?"

"பரிசு எடுக்க," என்றேன். அதற்குப் பிறகு அவள் சேலையை மட்டும் பார்த்தாள்.

கழகத்தில் ஒரேயொரு கூட்டத்துக்குத்தான் நான் போகவில்லை. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை சேலைக்கடைக்காரி எங்கே போவது? நீல இலைகளைப் பற்றி அன்றைக்குத்தான் பேசினார்களாம்.

கண்காட்சியன்று காலை என் நீலச் செடியை மண்ணோடு கிளப்பிச் சட்டியில் வைத்து, குசினிக்குள் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இலையெல்லாம் மாவைத் தூவியதுபோல ஒரு மங்கல். தெருத்தூசி! இந்தக் கோலத்திலா நாலு பேர் முன்னால் கொண்டுபோவது? பிள்ளையைச் சபைக்குக் கொண்டுபோவதென்றால் முகம் துடைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துத்தானே கொண்டுபோவோம். பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். மங்கல் போயே போய்விட்டது. என்ன மினுக்கம்! நீலம் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது உண்மைதான். எண்ணெய் வைத்தால் தலைமயிர்கூட முதலில் வேறு நிறமாகத்தான் தெரியும், காய்ந்தால் சரிவரும் என்று தேற்றிக்கொண்டேன். இவ்வளவு வடிவாக இருந்தால் கண்ணூறு படுமே என்று, முன்னுக்கு நின்ற இலையின் கன்னத்தில் மையால் ஒரு கறுத்த பொட்டும் வைத்தேன்.

அப்போது பதினைந்து வயதான என் மகள் அனுஜா பாணைக் கடித்தபடி வந்து பார்த்தாள். "மமோன், செ லா ஓன்த்," என்றாள். (வெட்கக்கேடு என்று அர்த்தம். அந்த வயதில் அவள் பேசிய பிரெஞ்சில் பாதி அதுதான். அதனால் நான் பொருட்படுத்தவில்லை.)

இவர் எங்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். செடியை நீல இலைகளின் மேசையில் வைத்தேன். மற்றச் செடிகளெல்லாம் முகம் கழுவாமல் வந்ததுபோல மங்கி நின்றன. என்னுடையது மட்டும் பளபளத்தது. பாவம் இந்தச் சனம், துடைக்கக்கூடத் தெரியாது என்று உண்மையாகவே இரக்கப்பட்டேன்.

கழகத் தலைவர் வந்தார். வெள்ளை மீசைக்காரர், மெல்லப் பேசுகிறவர். கறுத்த பொட்டைக் கண்டதும் ஓரடி பின்னால் போனார்.

"மதாம், இந்தப் புள்ளி எப்போதிருந்து?"

"இன்று காலையிலிருந்து."

"பரவுகிறதா?"

"இல்லை, ஒன்றுதான் வைத்தேன்."

பக்கத்துச் செடிக்காரர் தன் சட்டியை மெதுவாக அப்பால் நகர்த்தினார். இன்னொரு பெண்ணும் நகர்த்தினாள். விஷயம் விபரீதமாகப் போகிறதென்று விளங்கியதும், விரலை நாக்கில் தொட்டு அந்தப் பொட்டை அழித்துக் காட்டினேன். யாரோ "ஓ!" என்றார்கள்.

"நோய் இல்லை மொன்சியூர். உங்கள் கண் பட்டுவிடக் கூடாதென்று வைத்தது."

பிரெஞ்சில் அது அவ்வளவு ஆறுதலான வசனம் இல்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவர் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். விரல் வழுக்கியது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"தேங்காயா?"

"சுத்தமான தேங்காய் எண்ணெய்," என்றேன், பெருமையாக.

மதாம் ஒடில் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த மங்கல் தூசி இல்லை. இலை தானாகவே பூசிக்கொள்கிற மெழுகு. நீலம் என்பதே அந்த மெழுகுதான். அதற்குக் கீழே எல்லா இலையும் பச்சை.

"நீங்கள் நீலத்தைத் துடைத்துவிட்டீர்கள், மதாம்."

எனக்கு அழுகை வந்தது. மழையில் குடையோடு நின்று நத்தை பொறுக்கி வளர்த்த செடி. என் கையாலேயே கெடுத்துவிட்டேன். வேறு யாராவது என்றால் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போயிருப்பார்கள். அனுஜாவும் அதைத்தான் கெஞ்சினாள். நான் போகவில்லை. கண்காட்சி மாலைவரை என்றுதானே அறிவித்திருந்தார்கள்? பரிசு இல்லையென்றால் இல்லை, மாலைவரை நிற்பேன் என்று செடிக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பரிசு எடுத்த செடியைப் பார்க்கக்கூட அவ்வளவு சனம் இல்லை. என்னுடையதை மணந்து பார்க்க வரிசையில் வந்தார்கள்.

இவர் எங்களைக் கூட்டிப்போக வந்தபோது ஓர் ஆள் இலையை முகர்ந்துவிட்டு, "உப்பும் வினாகிரியும் போட்டால் சலாட் தயார்," என்று சிரித்துக்கொண்டிருந்தார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஆளைப் பார்த்தார். இவருடைய பிரெஞ்சு லொறியில் சாமான் இறக்கிப் படித்த பிரெஞ்சு. மெல்லப் பேச வராது.

"என்ன சிரிப்பு? என் மனைவி இதைப் பிள்ளை மாதிரி வளர்த்தவள்! உங்களில் யார் செடிக்கு எண்ணெய் வைத்திருக்கிறீர்கள்? சொல்லுங்கள்!"

ஒருவரும் வைத்திருக்கவில்லை.

எனக்கு இவர்மேல் பெரிய அன்பு பொங்கியது. வானின் பின்கதவைத் திறக்கும்வரை அது நீடித்தது. உள்ளே சீமெந்து மூட்டைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"மலிவிலை வந்தது," என்றார், என்னைப் பார்க்காமல்.

வீட்டு வாசலில் இறங்கியதும் நான்தான் தொடங்கினேன்.

"பந்தயம் பந்தயம்தான். போடுங்கோ. ஆனால் செடியைக் கிளப்புறதெண்டு பந்தயத்திலை இல்லை. செடியளைச் சுத்திப் போடுங்கோ."

"சுத்திப் போட்டால் வான் எப்பிடி உள்ளை வாறது?"

"அது உங்கடை பாடு."

அவர் நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். அடுத்த ஞாயிறு சீமெந்து குழைத்து, ஹோஸ்டாக்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஒரு நடைபாதை போட்டார். ஒரு ஆள் போகலாம், பக்கவாட்டாக. வான் இன்றைக்கும் தெருவில்தான் நிற்கிறது.

எண்ணெய் பட்ட இலைகள் அந்தக் கோடையிலேயே கருகின. அடுத்த வசந்தத்தில் புது இலைகள் வந்தன, முழு நீலமாக. ஒரு விரல்கூடப் படாமல் கொண்டுபோய் மூன்றாம் பரிசு எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்பு தலைவர் எழுந்து, இலைகளில் எந்த எண்ணெயும் பூசக்கூடாது, தேங்காய் எண்ணெய் உட்பட, என்று அறிவிப்பார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நானும் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்காருவேன்.

வீட்டில் அதைவிட மோசம். அனுஜா முதல் வேலை நேர்முகத்துக்குப் புறப்பட்ட காலை, நான் சீப்போடு கிட்டப் போனதும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, "தொடாதேங்கோ அம்மா, நீலம் போயிடும்!" என்று கத்தினாள். அவள் கலியாணத்தன்று அலங்காரக்காரி பவுடர் பஞ்சை எடுத்தபோது இவரும் அதையே சொன்னார்.

போன வருடம் பேத்தியை முதல்முதலாகக் கோயிலுக்குக் கொண்டுபோகிற அன்று நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரவாயில்லை, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது என் மருமகன், தமிழில் ஒரு முழு வசனம் பேசி நான் கேட்டிராத பிரெஞ்சுக்காரப் பிள்ளை, தொட்டிலுக்கு அந்தப் பக்கமிருந்து மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"மாமி, நீலம் போயிடும்."

போத்தலை மூடி வைத்துவிட்டேன். கறுத்த பொட்டை மட்டும் விடவில்லை.